கண்ணும் கருவியும்

தொழில் செய்து பொருள் ஈட்டுதல் மனிதன் கடமை. ஈட்டிய பொருளால் இல்லறத்தை இனிது நடத்துதலும் அவன் கடமையே. இவ்விரு கடமைகளுக்கும் இடையே எஞ்சுகின்ற சிறுபொழுதை அவன் எவ்வாறு கழிக்கின்றான் என்பதைக்கொண்டு அவன் உள்ளத்தின் இயல்பை அறியலாம். சிலர் இசை பயில்வர். சிலர் தோட்டம் இடுவர். சிலர் அஞ்சல்தலை திரட்டுவர். என் மகன் தன் ஓய்வுப்பொழுதை நிழற்படம் எடுப்பதில் செலவிட்டான். ஜப்பான் நாட்டு யோக்கோகாமா நகரில் அவன் பணிபுரிந்த காலத்தில், யானும் என் மனைவியும் இருமுறை அங்குச் சென்று, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ மூன்று திங்கள் அவனுடன் தங்கினோம். முதன்முறை சென்றது 2018-ஆம் ஆண்டின் இளவேனிற் காலம். மறுமுறை சென்றது 2019-ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். அப்போது குடும்பத்துடன் சென்ற உலாக்களையும், அவற்றினூடே ஒரு சிறு கருவி எங்களுக்குக் கற்பித்த பாடத்தையும் ஈண்டு எழுதுகின்றேன்.

யோக்கோகாமா, டோக்கியோவிற்குத் தெற்கே கடற்கரையில் அமைந்த பெருந்துறைமுகம். நெடுங்காலம் அயல்நாட்டாருடன் மிகுதியாகக் கலவாது ஒதுங்கியிருந்த ஜப்பான், 1859-ஆம் ஆண்டில் இத்துறைமுகத்தைப் பிறநாட்டு வணிகத்திற்குத் திறந்துவிட்டது. பட்டும் தேயிலையும் கப்பலேறிச் சென்றன. புதிய கருவிகளும் கலைகளும் நாட்டினுள் புகுந்தன. நிழற்படக் கலையும் அயல்நாட்டாரிடமிருந்து ஜப்பானியர் கற்றதே. பிரான்சு நாட்டில் 1839-ஆம் ஆண்டில் உலகறிய வெளியிடப்பட்ட இக்கலையை முயன்று பயின்று, சத்சுமா நாட்டுத் தலைவர் ஷிமாசு நாரியாகிராவின் உருவத்தை அவர்தம் பணியாளர்கள் 1857-ஆம் ஆண்டில் வெள்ளி பூசிய தகட்டில் பதித்தனர். ஜப்பானியர் எடுத்து இன்றும் எஞ்சியிருக்கும் நிழற்படங்களுள் மிகப் பழையது அதுவே என்பர். 1862-ஆம் ஆண்டில் நாகசாக்கியில் உயேனோ ஹிக்கோமாவும், யோக்கோகாமாவில் ஷிமோக்கா ரெஞ்சோவும் படநிலையங்கள் நிறுவினர். அன்று மாணவராயிருந்தோர் பின்னர் ஆசிரியரையும் விஞ்சினர். இன்று உலகெங்கும் வழங்கும் காமிராக்களுள் பல ஜப்பானியப் பெயர் தாங்கியவை.

என் மகன் வைத்திருந்தது புதிய கருவியன்று. டோக்கியோ நகரில் பழைய காமிராக்களைச் செம்மை செய்து விற்கும் கடைகள் பல உண்டு. அவற்றுள் ஒன்றில், தான் பிறப்பதற்கு முன்பே செய்யப்பட்ட பிலிம் காமிரா ஒன்றை அவன் வாங்கியிருந்தான். “கைத்தொலைபேசியே நொடிக்கொரு படம் எடுக்கும் இந்நாளில் இப்பழங்கருவி எதற்கு?” என்று யான் வினவினேன். அவன் நகைத்து, “அப்பா, தொலைபேசியில் ஆயிரம் படம் எடுக்கலாம், ஆதலால் ஒன்றையும் எண்ணிப் பார்ப்பதில்லை. இதிலோ ஒரு சுருளுக்கு 36 படங்களே. ஒவ்வொன்றையும் எண்ணித்தான் எடுக்க வேண்டும்” என்றான். எண்ணுதல் என்னும் சொல்லுக்குக் கணக்கிடுதல், கருதுதல் என இரு பொருளும் உண்டன்றோ? இரண்டும் பொருந்தக் கூறிய அவ்விடை என் தமிழ் உள்ளத்திற்கு உவப்பளித்தது.

காமிரா இயங்கும் முறையை அவன் எனக்கு விளக்கினான். ஒளி புகாத சிறுபெட்டி ஒன்று. அதன் முகப்பில் கண்ணாடி வில்லை. பின்புறம் ஒளிபட்டால் மாறும் இயல்புடைய பிலிம். வில்லையினுள் விரியவும் சுருங்கவும் வல்ல ஒரு துளை உண்டு. நம் கண்ணின் பாவை வெயிலில் சுருங்கி இருளில் விரிவதுபோல அதுவும் செயற்படும். பிலிமுக்கு முன் ஒரு திரை. விரலால் அழுத்தியவுடன் அது குறித்த நேரம் திறந்து மூடும். வெயில் நன்கு எறிக்கும் நண்பகலில், 100 என்னும் எண்ணுள்ள பிலிமுக்குத் துளையின் எண் 16 ஆகவும், திரை திறந்திருக்கும் நேரம் ஒரு நொடியில் 125-இல் ஒரு பங்காகவும் இருந்தால் படம் செவ்வையாக அமையும். துளையின் எண் பெருகப் பெருகத் துளை சிறுக்கும் என்பதை முதலில் யான் மாறாகவே கொண்டேன். “சிறுதுளைக்குப் பெரிய எண், பெருந்துளைக்குச் சிறிய எண், தாத்தா” என்று திருத்தியவன் ஒன்பது வயது நிரம்பிய என் பேரன். அவனுக்கு இளையவள் ஆறு வயதுப் பேத்தி.

விடுமுறை நாள்தோறும் நாங்கள் ஓரிடத்திற்குப் புறப்படுவோம். மருமகள் வைகறையில் எழுந்து புளியோதரையும் தயிர்ச்சோறும் ஆக்கி, ‘பெந்தோ’ என்று ஜப்பானியர் கூறும் அறைகள் வகுத்த உணவுப்பெட்டிகளில் அடைத்துவிடுவாள். குப்பை போட ஒரு பையும் உடன் வரும். அந்நாட்டில் பொதுவிடங்களில் குப்பைத்தொட்டியைக் காண்பது அரிது. தத்தம் குப்பையை வீட்டிற்கே எடுத்துச் செல்வது மக்கள் வழக்கம்.

முதலில் யாங்கள் கண்டது யோக்கோகாமாவிலேயே உள்ள சாங்கேயென் என்னும் சோலை. ஹாரா சாங்கெய் என்ற பட்டு வணிகர் தாம் அமைத்த அச்சோலையை 1906-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தார். கியோத்தோப் பகுதியில் இருந்த மூன்றுநிலைக் கோபுரம் ஒன்றை 1914-இல் இங்குக் கொணர்ந்து ஒரு குன்றின்மீது நிறுவினார். குளக்கரையில் செர்ரி மரங்கள் பூத்து நிற்க, அக்கோபுரம் மேலே விளங்கும் காட்சி கண்ணைவிட்டு அகலாதது. மரத்தடியில் முதிய கணவனும் மனைவியும் அமர்ந்து உணவு உண்டுகொண்டிருந்தனர். என் மகன் அவர்களிடம் சென்று தலைவணங்கி, படம் எடுக்க இசைவு வேண்டினான். முதியவர் புன்னகையுடன் கையை அசைத்து மறுத்தார். மகன் மீண்டும் வணங்கிக் காமிராவைத் தாழ்த்தி அப்பாற் சென்றான். பிறர் முகத்தை அவர் இசைவின்றிக் கவர்தல் அந்நாட்டில் முறையன்று. அங்கு விற்கும் கைத்தொலைபேசிகள் படம் எடுக்கும்போது ஒலி எழுப்புமாறே செய்யப்படுவன. மறைவாகப் படம் எடுப்பதைத் தடுப்பதற்கு உற்பத்தியாளர் தாமே மேற்கொண்ட ஏற்பாடு அது. கலைக்கும் ஒழுக்கம் வேலியாதலைக் கண்டு மகிழ்ந்தேன்.

மற்றொரு ஞாயிறன்று தக்காவோ மலைக்குச் சென்றோம். அதன் உயரம் 599 மீட்டர். மலைச்சரிவில் கம்பியால் இழுக்கப்படும் ஊர்தி ஒன்று உண்டு. செங்குத்தான ஓரிடத்தில் அதன் பாதை 31 பாகைக்கும் மேற்பட்ட சாய்வுடையது. அமர்ந்திருந்த என் மனைவி, முன்னிருந்த கம்பியை இருகையாலும் பற்றிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். வானம் தெளிந்திருந்தால் உச்சியிலிருந்து 3,776 மீட்டர் உயரமுள்ள ஃபூஜி மலையைக் காணலாம். அன்று மேகம் மறைத்திருந்தது. மகன் முக்காலி நாட்டிக் காமிராவை அதன்மேல் பொருத்தி மேகம் விலகுவதற்குக் காத்து நின்றான். ஒரு மணி நேரம் கழிந்தது. பிள்ளைகள் உண்டு முடித்தனர். அவன் உண்ண வரவில்லை. “உன் தந்தை என்ன செய்கின்றான்?” என்று பேரனிடம் கேட்டேன். “அப்பா மலைக்காகக் காத்திருக்கிறார், நாங்கள் அப்பாவுக்காகக் காத்திருக்கிறோம்” என்றான் அவன். அனைவரும் சிரித்தோம். அச்சொல்லில் சிரிப்பதற்கு மட்டுமன்றிச் சிந்திப்பதற்கும் பொருள் இருந்ததைப் பின்னரே உணர்ந்தேன்.

ஏப்பிரல் திங்களில் ஒருநாள் காமாகுரா என்னும் பழம்பதிக்குப் புறப்பட்டோம். யோக்கோகாமாவிலிருந்து அரைமணிக்குக் குறைந்த இரயிற் பயணம். பின்னர் ‘எனோதென்’ என்னும் சிறிய இரயிலில் ஏறவேண்டும். ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமே உள்ள அதன் பாதை, வீடுகளின் கொல்லைகளை உரசுவதுபோலச் சென்று கடலோரத்தை அடையும். மூன்றாம் நிலையமாகிய ஹாசேயில் இறங்கி, முதலில் பெரும்புத்தரைக் கண்டோம். செம்பு கலந்த வெண்கலத்தால் வார்க்கப்பட்ட அமிதாபர் திருவுருவம் அது. 1252-ஆம் ஆண்டில் பணி தொடங்கப்பெற்றதென்பர். உருவத்தின் உயரம் 11 மீட்டருக்கு மேற்படும். முன்னர் அதற்கு மேற்கூரையுள்ள மண்டபம் இருந்தது. புயலும் இயற்கையின் பிற சீற்றங்களும் அம்மண்டபத்தை அழித்தன. ஐந்து நூற்றாண்டுகளாகப் புத்தர் பெருமான் வானத்தையே கூரையாகக் கொண்டு, மழையிலும் வெயிலிலும் விழி தாழ்த்தி அமர்ந்திருக்கின்றார்.

நண்பகலில் கடற்கரை மணலில் அமர்ந்து உணவுப்பெட்டிகளைத் திறந்தோம். பருந்துகளுக்கு அஞ்சி உண்ணுமாறு அங்கு எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தார்கள். அதனை நாங்கள் பொருட்படுத்தவில்லை. பேரன் வடையை வாயருகே கொண்டுசென்ற அளவில், பின்புறமிருந்து ஒரு பருந்து பாய்ந்து அதனைப் பறித்துச் சென்றது. பேரனுக்குச் சிறு கீறலும் இல்லை. ஆயினும் அவன் கை வெகுநேரம் உயர்ந்தபடியே நின்றது. “அருமையான படம்! தவறவிட்டேனே!” என்று வருந்தினான் மகன். “வடை போனதே!” என்று வருந்தினான் பேரன். ஒரே நிகழ்ச்சியில் இருவர் இழந்தவை வேறுவேறு.

பின்னர் ஹாசெதேரா என்னும் கோயிலுக்கு நடந்தோம். வழியில் என் மகன் ஒரு செய்தி கூறினான். ஜப்பானில் 1934-ஆம் ஆண்டில் டோக்கியோவின் ரொப்போங்கிப் பகுதியில் ஒரு சிறு பணிமனையில் யோஷிதா கோரோ முதலியோர் 35 மில்லிமீட்டர் பிலிம் காமிரா ஒன்றை உருவாக்க முயன்றனர். அந்த முன்மாதிரிக் கருவிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘குவானோன்’. அதன் வில்லைக்கு இட்ட பெயர் ‘காசியபா’. குவானோன் என்பது, ஜப்பானியர் வணங்கும் கன்னோன் என்னும் போதிசத்துவரின் பெயர். காசியபர் புத்தரின் மாணாக்கர். அப்பணிமனையே பிற்காலத்தில் கேனன் என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

இதனைக் கேட்டவுடன் என் உள்ளம் தமிழ்நாட்டுக்குப் பறந்தது. கன்னோன் என்பவர் வேறு யாருமல்லர். வடமொழியார் அவலோகிதேசுவரர் என்று வழங்கும் போதிசத்துவரே. பதினோராம் நூற்றாண்டில் புத்தமித்திரனார் இயற்றிய வீரசோழியம் என்னும் இலக்கண நூல், அகத்திய முனிவர் தமிழைக் கேட்டுணர்ந்தது அவலோகிதரிடம் என்று கூறுகின்றது. தமிழை அருளியவராகப் பௌத்தர் போற்றிய ஒருவரின் பெயரை, கடல் கடந்த ஒரு நாட்டில், ஒரு காமிரா தாங்கியிருந்தது! கன்னோன் என்னும் சொல்லுக்கு, உலகத்து உயிர்களின் குரலை நோக்குபவர் என்பது பொருள். துன்புற்றோர் குரலைச் செவியால் கேட்பதோடு அமையாது, அக்குரலைக் கண்ணாலும் நோக்குவாராம். எத்துணை ஆழ்ந்த பெயர்!

ஹாசெதேராக் கோயில் மலைச்சரிவில் படிப்படியாக அமைந்தது. கீழே குளமும் சோலையும். இடையே ஜீசோ என்னும் போதிசத்துவரின் சிறுசிலைகள் வரிசை வரிசையாக. மேலே கன்னோன் மண்டபம். அதனருகே கடலை நோக்கிய மேடை. ஜீசோ என்பவர் குழந்தைகளின் காவலர். பிறந்தும் பிறவாதும் மாண்ட மகவுகளின் பொருட்டுப் பெற்றோர் அச்சிலைகளை அங்கு வைக்கின்றனர். நிமிர்ந்தால் ஒரு முழத்தை எட்டாத அச்சிலைகளின் இடையே நடக்கும்போது எவரும் தாமாகவே குரலைத் தாழ்த்துவர்.

கன்னோன் மண்டபத்தினுள் நின்றது பதினொரு முகமுடைய பொன் பூசிய மரத்திருவுருவம். அதன் உயரம் 9.18 மீட்டர். வலக்கையில் கோல்; இடக்கையில் தாமரை வைத்த குடம். உள்ளே படம் எடுத்தல் கூடாதென்று எழுதியிருந்தது. காமிராவிற்குப் பெயர் தந்தவரைக் காமிராவால் கவர்தல் இயலாது! மகன் கருவியை உறையிலிட்டான். அனைவரும் தலைநிமிர்ந்து வெறுங்கண்ணால் நெடுநேரம் நோக்கினோம். அன்று எடுத்த படங்களுள் பல இன்று என் நினைவில் மங்கின. படம் எடுக்காத அவ்வுருவம் மட்டும் ஒளியோடு நிற்கின்றது.

வெளியே வந்ததும் மகன் மேடைக்கு விரைந்தான். கீழே யூயிகாஹாமாக் கடற்கரை வளைந்து கிடந்தது. நீலக்கடலில் வெள்ளைப் பாய்கள் விளங்கின. அவன் காமிராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, ஒரு பாய் உரிய இடத்திற்கு வருவதை எதிர்நோக்கி நின்றான். பேத்தி அவன் சட்டையைப் பற்றி, “அப்பா, கீழே மூன்று குட்டி ஜீசோக்கள் சிரிக்கிறார்கள், வந்து பாருங்கள்” என்றாள். “ஒரு நொடி, அம்மா” என்றான். அவள் மீண்டும் அழைத்தாள். “ஒரே நொடி” என்றான். மூன்றாம் முறை அழைத்தது அவன் செவியில் விழுந்ததோ இல்லையோ, அறியேன். யானோ, வீரசோழியத்தைப் பற்றிப் பேரனுக்கு விளக்குவதில் ஆழ்ந்திருந்தேன். மருமகள் தண்ணீர் வாங்கச் சென்றிருந்தாள்.

திடீரென்று என் மனைவி, “குழந்தை எங்கே?” என்றாள்.

அச்சொல் எங்கள் அனைவரையும் உலுக்கியது. மேடையில் இல்லை, மண்டப வாயிலில் இல்லை. கீழே குளம், குளத்திற்கு அப்பால் வாயில், வாயிலுக்கு வெளியே வண்டிகள் ஓடும் சாலை. மகனின் முகம் வெளுத்தது. அவன் ஒரு படிவழியே ஓடினான். மருமகள் வாயிற்காவலரிடம் செய்தி கூற விரைந்தாள். யான் பேத்தியின் பெயரைக் கூவியபடி இங்கும் அங்கும் திரிந்தேன். என் மனைவி மட்டும் ஓடவில்லை. என் கையைப் பற்றி நிறுத்தி, “கத்தாதீர்கள், சற்றே பேசாதிருந்து கேளுங்கள்” என்றாள். யான் வாய்மூடி நின்றேன். காற்றில் மரங்கள் அசைந்த ஒலி, தொலைவில் கடலொலி, அவற்றினூடே மெல்லிய விம்மல் ஒன்று கீழிருந்து வந்தது.

அக்குரல் வந்த வழியே இறங்கினோம். ஜீசோ சிலைகளின் வரிசைக்கு அருகே பேத்தி நின்றிருந்தாள். முதிய ஜப்பானிய அம்மையார் ஒருவர் முழந்தாளிட்டு, கைக்குட்டையால் அவள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். தந்தை வாராமையால் தானே சிரிக்கும் ஜீசோக்களைப் பார்க்க இறங்கி, திரும்பும் வழி தெரியாமல் அவள் திகைத்திருக்கின்றாள். அம்மையார் அவளை அங்கிருந்து நகரவிடாமல், தேடி வருவோர் காணும்படி அவ்விடத்திலேயே காத்திருந்தார். தேடியது பத்து நிமிடமே. எங்களுக்கோ அது நெடும்பொழுது. யாங்கள் கைகூப்பினோம், அவர் குனிந்து வணங்கினார். அவர் அன்று எதன்பொருட்டு அவ்விடத்திற்கு வந்தார் என்று யாங்கள் கேட்கவில்லை. அவர் கையில் ஒரு சிறிய சிவப்புப் பின்னல் தொப்பியும், சில பூக்களும் இருந்தன.

திரும்பும்போது இரயிலில் எவரும் மிகுதியாகப் பேசவில்லை. பேத்தி தந்தையின் மடியில் உறங்கினாள். காமிரா பையினுள் இருந்தது.

பத்து நாட்களுக்குப் பின் பிலிம் சுருள் கழுவப்பட்டுப் படங்கள் வந்தன. மேடையிலிருந்து எடுத்த கடற்காட்சி மிக அழகாக அமைந்திருந்தது. வெள்ளைப் பாய் அவன் விரும்பிய இடத்திலேயே நின்றது. அப்படத்தை உற்றுநோக்கிய மகன் ஒன்றும் பேசாமல் அதனை என்னிடம் நீட்டினான். படத்தின் கீழ்மூலையில், மஞ்சள் சட்டையின் விளிம்பும் ஒரு சிறுகையும் தெரிந்தன. பேத்தி படிகளை நோக்கிச் சென்றுகொண்டிருந்தாள். அக்காமிராவில் கண்வைத்து நோக்கும் சாளரம், பிலிமில் பதியும் பரப்பைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். ஆதலால் ஓரத்தில் உள்ளது நோக்குவார்க்குத் தோன்றாது, பிலிமிலோ பதிந்துவிடும். “கருவி பார்த்திருக்கிறது, அப்பா, நான் பார்க்கவில்லை” என்றான். அப்படத்தை அவன் கிழிக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. தன் மேசையின்மேல் வைத்துக்கொண்டான்.

அதன்பின் அவன் காமிராவைத் தொடவே இல்லை. மூன்று வாரங்கள் கழிந்தன. அண்டை வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர் ஒருவர் வாழ்ந்தார். அவரும் நிழற்படக் கலையில் ஈடுபாடு உடையவர். அந்நாட்டில் ஆசிரியரைச் ‘சென்செய்’ என்று அழைப்பர். யானும் ஆசிரியத் தொழில் புரிந்தவன் என்றறிந்து, அவர் என்னைச் சென்செய் என்பார்; யானும் அவரைச் சென்செய் என்பேன். மகன் இடையில் இருந்து மொழிபெயர்ப்பான். மகனுடைய வாட்டத்தின் காரணத்தைக் கேட்டறிந்த அவர், எங்களைத் தம் இல்லத்திற்கு அழைத்து ஒரு செய்தி கூறினார்.

2011-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள் ஜப்பானின் வடகிழக்கே கடலடியில் 9.0 அளவுள்ள பெருநிலநடுக்கம் நேர்ந்தது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை கரையோர ஊர்களை வாரிச்சென்றது. மாண்டவரும் காணாமற்போனவரும் 18,000-க்கு மேற்பட்டோர். 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் நாகையும் கடலூரும் பட்ட துயரைக் கண்ட எங்களுக்கு அதனை விளக்கவேண்டியதில்லை. அலை வடிந்தபின் இடிபாடுகளை அகற்றியவர்கள், சேற்றில் கிடந்த குடும்பப் படத்தொகுப்புகளைக் குப்பையென்று தள்ளாமல் எடுத்து ஒருபுறம் சேர்த்தனர். அவ்வாறு சேர்ந்தவை இலட்சக்கணக்கான படங்கள். அவற்றைக் கழுவித் தூய்மை செய்யத் தொண்டர்கள் பல ஊர்களிலிருந்தும் வந்தனர். அவர்களுள் ஒருவராகச் சென்செய் அக்கோடையில் மியாகி மாவட்டத்திற்குச் சென்றிருந்தார்.

படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின் என்னும் ஊன்பசையால் ஆயது. சேற்றில் கிடந்தால் நுண்ணுயிர்கள் அதனைத் தின்றுவிடும்; உருவம் கரைந்துபோகும். ஆதலால் விரைந்து செயற்படவேண்டும். குளிர்ந்த நீரில் படத்தை ஊறவிட்டு, விரல் நுனியாலோ மெல்லிய தூரிகையாலோ சேற்றை நீக்கி, தூயநீரில் அலசி, கயிற்றில் கவ்வி மாட்டி நிழலில் உலர்த்துவார்கள். பிலிம் செய்யும் ஃபூஜிஃபிலிம் நிறுவனமும் இம்முறையை மக்களுக்கு அறிவித்து உதவிற்று. தூய்மை செய்த படங்களைக் கூடங்களில் பரப்பிவைப்பர். உயிர்தப்பியவர்கள் வந்து தம்முடையதைத் தேடி எடுத்துச் செல்வர்.

“அழகிய மலைப்படத்தையோ கடற்படத்தையோ ஒருவரும் தேடி வரவில்லை” என்றார் சென்செய். “முகத்தைத் தேடி வந்தார்கள். ஒரு மூதாட்டி மூன்று நாள் வந்து தேடி, பாதி அழிந்துபோன ஒரு படத்தை எடுத்தார். அதில் தெரிந்தது ஒரு சிறுவன் கையும் மிதிவண்டியும் மட்டுமே. அதனை மார்பில் அணைத்துக்கொண்டு சென்றார். உங்கள் மகன் காமிராவைத் துறக்க வேண்டியதில்லை. எதன்பொருட்டு அதனைக் கையில் எடுக்கிறோம் என்பதை மறவாதிருந்தால் போதும்.”

அன்றிரவு மகன் காமிராவை எடுத்துத் துடைத்தான். தனக்குத்தானே மூன்று விதிகள் வகுத்துக்கொண்டான். ஓரிடத்திற்குச் சென்றால் முதலில் வெறுங்கண்ணால் காணவேண்டும். படம் மூன்று எடுத்தபின் கருவியைப் பையில் இடவேண்டும். குழந்தை அழைத்தால், எந்தப் பாய் எந்த இடத்தில் நின்றாலும், கருவியைக் கண்ணிலிருந்து எடுத்துவிடவேண்டும். அவற்றை ஒரு தாளில் எழுதிக் காமிராப் பையினுள் வைத்தான்.

மறுமுறை யாங்கள் சென்றபோது பேத்திக்கு ஏழு வயது. ஜப்பானில் மூன்று, ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நவம்பர்த் திங்கள் 15-ஆம் நாளையொட்டி ஒரு விழா நடைபெறும். ‘ஷிச்சி-கோ-சான்’ என்பது அதன் பெயர். ஏழு, ஐந்து, மூன்று என்பது பொருள். நலமாக வளர்ந்தமைக்கு நன்றி கூறிப் பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துச் செல்வர். நீண்ட ஆயுளை வாழ்த்தி, ஆயிரமாண்டு மிட்டாய் என்னும் நீண்ட இனிப்புத் தண்டுகளை, கொக்கும் ஆமையும் வரைந்த பைகளில் இட்டுக் கொடுப்பர். குடும்பமாக நின்று படம் எடுத்துக்கொள்வதும் அவ்விழாவின் பகுதி. சென்செயின் மனைவியார் தம் மகள் அணிந்திருந்த பழைய கிமோனோவைப் பேழையிலிருந்து எடுத்துவந்து எங்கள் பேத்திக்கு உடுத்தினார்.

அன்று காலையில் யான் மகனுடைய படத்தொகுப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மலை உண்டு, கடல் உண்டு, கோபுரம் உண்டு, மருமகள் உண்டு, பிள்ளைகள் உண்டு, யாங்களும் உண்டு. என் மகன் மட்டும் ஒரு படத்திலும் இல்லை. ஆறு ஆண்டுகள் அவன் அனைவரையும் படம் எடுத்தான். அவனை எடுப்பார் இல்லை. சேற்றிலிருந்து மீட்ட படத்தைத் தேடி வந்த மூதாட்டி என் நினைவிற்கு வந்தார். நாளை இப்பிள்ளைகள் தந்தையின் முகத்தைத் தேடினால் எங்குக் காண்பர்?

கோயில் முற்றத்தில் மகன் வழக்கம்போலக் காமிராவை உயர்த்தினான். யான் கையை நீட்டி, “இன்று என்னிடம் கொடு, நீ போய்ப் பிள்ளைகளுடன் நில்” என்றேன். அவன் வியந்து நோக்கினான். பின்னர்த் துளையையும் நேரத்தையும் அமைத்து என் கையில் தந்தான். அறுபது வயது கடந்த என் விரல் நடுங்கியது. “தாத்தா, மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்துங்கள்” என்றான் பேரன். சாளரத்தின் ஓரங்களை இருமுறை நோக்கினேன். அனைவரும் உளர் என்று கண்டபின் அழுத்தினேன்.

அப்படம் இன்று என் மேசையின்மேல் இருக்கின்றது. அடிவானம் சாய்ந்திருக்கிறது, கோயிற்கூரை பாதி வெட்டுண்டது, பேரன் கண்ணை மூடியிருக்கின்றான். நிழற்படப் போட்டிக்கு அனுப்பினால் நடுவர் முதலில் ஒதுக்குவது அதுவாகவே இருக்கும். ஆயினும் அதில் என் மகன் இருக்கின்றான். அவன் கை மகளின் தோள்மேல் இருக்கின்றது. அவன் நோக்குவது காமிராவை அன்று, அவளை.

மாணவர்களே! பொழுதுபோக்குக் கலை ஒன்றைப் பயிலுங்கள். அது உள்ளத்தைக் கூர்மையாக்கும், அறியாதவற்றை அறிவிக்கும். ஆனால், உடன் வருவோரை மறக்கச் செய்யுமாயின் அக்கலையால் வரும் பயன் சிறிது; இழப்போ பெரிது. கருவியை எடுக்குமுன் கண்ணால் காணுங்கள். கண்ணால் காணும்போதே, அருகில் நின்று அழைக்கும் குரலுக்குச் செவியும் கொடுங்கள்.